சானடோரியத்திலிருந்து சுகாதார நிலையத்துக்கு: சென்னைக் காசநோய் ஆய்வுகளும் பூந்தமல்லி வட்டாரமும்

காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும் என்பதை உலகுக்கு முதன்முதலில் முறையாக மெய்ப்பித்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. 1959-இல் வெளியான அதன் முடிவு பல நாடுகளின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. ஆனால் அந்த ஆய்வு சொன்ன செய்தி முழுமையாகச் சென்னையை அடுத்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒரு மருத்துவ ஆய்வு எவ்வாறு அன்றாட நடைமுறை ஆகிறது, எங்கே தடைபடுகிறது என்பதை அறிய இவ்வரலாறு நல்ல சான்றாகும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய சென்னையின் மேற்குப் பகுதிகளும் அவை அமைந்துள்ள பழைய செங்கல்பட்டு மாவட்டமும் இதில் இடம்பெறுகின்றன.

பூந்தமல்லியும் சுகாதார அலகும்

பூவிருந்தவல்லி என்றும் அழைக்கப்படும் பூந்தமல்லி, சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழைய ஊர். ஆங்கிலேயர் காலத்தில் இங்கு ஒரு படை முகாம் இருந்தது. கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியப் படைவீரர்களும் நோயுற்று உடல் தேற வேண்டியவர்களும் இங்கே தங்கவைக்கப்பட்டனர்.

பொது சுகாதார வரலாற்றில் இவ்வூருக்கு இடம் கிடைத்தது 1930களில். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அப்போது இந்தியாவின் சில இடங்களில் ‘சுகாதார அலகு’ என்ற முறையைத் தொடங்க உதவியது. சென்னை மாகாணத்தில் பூந்தமல்லி அதற்குத் தேர்வானது. வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு, அதற்கென ஒரு சுகாதார அலுவலர், அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்களும் மருத்துவச்சிகளும் செவிலியரும் என்பதே அந்த முறை. பிறப்பு இறப்புப் பதிவு, தாய்சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு ஆகிய வேலைகள் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து கிடக்காமல் ஒரே குழுவின் கையில் இருந்தன.

இதே முறை இலங்கையில் 1926-இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. அங்கு அது ஒரு மாதிரி முயற்சியாக நின்றுவிடாமல் நாடு முழுவதும் பரவியது. இன்றைய இலங்கையின் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அந்த வேரிலிருந்து வளர்ந்தவையே. இந்தியாவில் சுகாதார அலகுகள் பெரும்பாலும் காட்சி மாதிரிகளாகவும் பயிற்சிக் களங்களாகவும் நின்றன. பூந்தமல்லியில் இன்றும் இயங்கும் பொது சுகாதார நிறுவனம் தமிழக அரசின் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. ஒரு நல்ல மாதிரியை ஓரிடத்தில் நடத்திக் காட்டுவது வேறு, அதை எல்லா இடங்களிலும் நிலைக்கச் செய்வது வேறு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கட்டில்கள் போதாத காலம்

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எலும்புருக்கி நோய்க்கு நல்ல காற்று, சத்தான உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே மருத்துவம். இவற்றை அளிக்கச் சானடோரியங்கள் கட்டப்பட்டன. மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவற்றுள் ஒன்று. 1937-இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பெயரையே அங்குள்ள புறநகர் இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது.

1946-இல் வெளியான போர் குழு அறிக்கை நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்காக இருந்த கட்டில்கள் ஏறக்குறைய 6,000 மட்டுமே. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டிய நோய்க்கு இத்தனை குறைந்த கட்டில்கள் இருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு மருத்துவமே இல்லை என்றுதான் பொருள்.

1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின், அடுத்துப் பாஸ், 1952-இல் ஐசோனியசிட் என மருந்துகள் வரிசையாக வந்தன. இவற்றுள் ஐசோனியசிட் மலிவானது, மாத்திரையாக விழுங்கக்கூடியது. அப்படியானால் நோயாளி மருத்துவமனையில் இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. செல்வ நாடுகளில் அந்தக் கேள்விக்கு அவசரம் இல்லை. இந்தியாவில் அது உயிர்க் கேள்வியாக இருந்தது.

சென்னை ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே. பிரிட்டனைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். எஸ். வேலு, சி. வி. இராமகிருஷ்ணன், புள்ளியியலாளர் எஸ். இராதாகிருஷ்ணா முதலியோர் உடன் பணியாற்றினர்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது மருத்துவரின் விருப்பப்படி அன்றிக் குலுக்கல் முறையில் முடிவானது. இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட்டும் பாஸும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோருக்கு ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெரிசலான அறைகளில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு மருந்து உட்கொண்டனர்.

ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நலமாக இருந்தனர்.

மருத்துவர்கள் பலர் அஞ்சியது வேறொன்று. நோயாளி வீட்டிலேயே இருந்தால் மனைவி மக்களுக்கும் நோய் பரவாதா? ஆய்வுக் குழு குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கண்காணித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. நோய் பரவுவது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான். மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது.

ஆய்வின் இரண்டாம் பாதி

‘வீட்டில் இருந்தே குணமாகலாம்’ என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்த 86 விழுக்காடு எவ்வாறு கிடைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

வீட்டுச் சிகிச்சை என்பது மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது அன்று. நோயாளி வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து பெற்றார். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். மருந்து உட்கொண்டாரா என்பதை அறியச் சிறுநீர் சோதிக்கப்பட்டது. வராதவரைத் தேடிச் சென்றனர். இந்தச் சோதனைகள் மூலம் ஓர் உண்மை புலப்பட்டது. காய்ச்சலும் இருமலும் நின்றதும் நோயாளி மருந்தை விடத் தொடங்குகிறார். படித்தவர், படிக்காதவர் என்ற பாகுபாடு இதில் இல்லை. யார் விடுவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை.

ஆகவே மையம் அடுத்த கேள்விக்குச் சென்றது. மருந்தை நாள்தோறும் கொடுப்பதற்குப் பதில் வாரம் இருமுறை, பணியாளர் கண் முன்னே கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட்டும் அவ்வாறு கொடுக்கப்பட்டன. 1964-இல் வெளியான முடிவு, இது நாள்தோறும் தாமாக மருந்து உட்கொள்ளும் முறைக்குச் சற்றும் குறைந்ததன்று எனக் காட்டியது. பின்னாளில் ‘நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை’ என்று பெயர் பெற்ற முறையின் அடிப்படைகளுள் இது ஒன்று.

சென்னை ஆய்வுகள் சொன்னவை இவ்வாறு இரண்டு. நோயாளிக்குக் கட்டில் வேண்டியதில்லை என்பது ஒன்று. கட்டிலுக்குப் பதிலாக ஓர் ஆள் வேண்டும் என்பது மற்றொன்று.

தேசியத் திட்டம்: எடுத்துக்கொண்டதும் விட்டதும்

1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. மக்களிடம் காசநோய் பற்றிய அறிவு இல்லை, அவர்கள் தாமாக மருத்துவரிடம் வரமாட்டார்கள் என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு 1963-இல் வெளிவந்தது. நோய்க்குறி உள்ளவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருத்துவமனைகளை நாடிச் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குச் சளிப் பரிசோதனை செய்யப்படவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டனர். குறை மக்களிடம் இல்லை, மருத்துவமனை வாசலில்தான் இருந்தது.

இவ்விரு நகரங்களின் ஆய்வுகளையும் கொண்டு 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் உருவானது. மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம், சுகாதார நிலையங்களில் நுண்ணோக்கி மூலம் சளிப் பரிசோதனை, வீட்டிலிருந்தே சிகிச்சை என்பன அதன் கூறுகள். தனியான காசநோய் மருத்துவமனைகளை மட்டும் நம்பாமல் பொதுச் சுகாதார நிலையத்தையே அடித்தளமாகக் கொண்டது அக்காலத்தில் துணிவான முடிவு.

ஆனால் நோயாளி மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிச் சென்று தாமாக உட்கொள்வதே நடைமுறையானது. வாரச் சந்திப்பும் திடீர் வருகையும் சிறுநீர்ச் சோதனையும் திட்டத்தில் இடம்பெறவில்லை. அவற்றுக்கு வேண்டிய ஆட்களும் வண்டியும் பணமும் இல்லை என்பது உண்மை. மலிவான பாதி எடுத்துக்கொள்ளப்பட்டது. செலவு மிக்க பாதி விடப்பட்டது. மருந்து பல நேரம் இருப்பில் இல்லாமல் போனது. சிகிச்சையை முழுமையாக முடித்தோர் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். இடையில் நிறுத்தியவர்களுள் பலருக்கு நோய் திரும்பியது. சிலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறியது. ரிஃபாம்பிசின் அடங்கிய குறுகிய காலச் சிகிச்சை 1980களில் வட ஆற்காடு உள்ளிட்ட சில மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. மருந்து சிறந்ததானாலும் அதைக் கொண்டுசேர்க்கும் முறை மாறாததால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

வெளிநாடு சென்று திரும்பிய கருத்து

சென்னையில் பிறந்த கண்காணிப்புச் சிகிச்சை ஹாங்காங்கில் வளர்ந்தது. 1970களின் இறுதியிலிருந்து கரெல் ஸ்டிப்லோ என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் ஏழை நாடு ஒன்றில் இதை நாடு தழுவிய திட்டமாக நடத்த முடியும் எனக் காட்டினார். மருந்தைப்போலவே அவர் பதிவேட்டுக்கும் இடம் கொடுத்தார். ஒவ்வொரு நோயாளியின் பெயரும் பதிவாகும். காலாண்டுக்கு ஒருமுறை அவர்களுள் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் விட்டுச் சென்றார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

1993-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடியாக அறிவித்தது. அடுத்து ‘டாட்ஸ்’ என்ற பெயரில் இம்முறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இந்தியா 1993-இல் முன்னோட்டமாகவும் 1997 முதல் விரிவாகவும் திருத்திய தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சேத்துப்பட்டில் எழுதப்பட்ட பாடம் ஹாங்காங், தான்சானியா, ஜெனீவா வழியாகச் சுற்றி மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தது.

திருவள்ளூரில் நடந்தது

1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகியவை அதில் சேர்ந்தன. இந்நிலப்பகுதி காசநோய் ஆய்வுக்குப் புதியதன்று. 1968-இல் தொடங்கிய உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் 209 கிராமங்களிலும் ஒரு நகரிலும் நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்கவே அது இன்றும் போடப்படுகிறது. தடுப்பூசி மட்டும் போதாது. நோயாளியைக் கண்டறிந்து முழுமையாகக் குணப்படுத்துவதே வழி என்பதை இம்முடிவு மேலும் உறுதியாக்கியது.

1999-இல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் டாட்ஸ் முறை தொடங்கப்பட்டது. அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றிருந்த சேத்துப்பட்டு நிறுவனம் அதை உடனிருந்து கவனித்தது. வாரம் மூன்று நாள் மருந்து. அதை நோயாளி விழுங்குவதைப் பார்க்க ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். சுகாதார நிலையப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊரில் உள்ள தன்னார்வலர் என நோயாளியின் வீட்டுக்கு அருகில் இருப்பவரே அப்பொறுப்பை ஏற்றார். கூலி வேலைக்குக் காலையிலேயே கிளம்பும் ஒருவர் மருந்துக்காகப் பேருந்து ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

தொடங்கியபோது நடத்திய கணக்கெடுப்பில், சளி வளர்ப்புச் சோதனையில் நோய் உறுதியானவர்கள் பெரியவர்களுள் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 600 பேர். 2004–2006 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 310 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் பாதியளவு குறைந்தது பெரிய வெற்றி. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை மீண்டும் சற்று உயர்ந்தது. அடைந்த பயன் தானாகவே நிற்காது என்பதும் அதே களத்திலிருந்து தெரியவந்தது.

முப்பத்தைந்து கிலோ எடை

வீட்டுச் சிகிச்சை ஆய்வின் ஒரு துணை முடிவு 1961-இல் வெளியானது. நல்ல உணவு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் மருந்தின் பயனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அது. உணவு இல்லாத ஏழைக்கும் மருந்து வேலை செய்யும் என்ற அளவில் அது நம்பிக்கை தந்த செய்தி. நாளடைவில் காசநோய்த் திட்டத்தில் உணவுக்கே இடம் இல்லாமல் போனது.

2002-இல் திருவள்ளூர்ப் பகுதி நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சையின்போது யார் இறக்கிறார்கள் என்று அது பார்த்தது. சிகிச்சை தொடங்கும்போது 35 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது. எடை பார்க்கும் கருவி எல்லாச் சுகாதார நிலையங்களிலும் உண்டு. எடை அட்டையில் எழுதப்பட்டும் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற விதிதான் இல்லை.

அந்த விதி வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2022-இல் தமிழ்நாடு அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. அதன் வடிவமைப்பிலும் கண்காணிப்பிலும் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முக்கியப் பங்கு வகித்தது. 1999-இல் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவும் இணைந்து உருவானதே இந்நிறுவனம்.

காசநோய் உறுதியானவுடன் சுகாதார நிலையப் பணியாளர் சில எளிய அளவுகளை எடுக்கிறார். உயரம், எடை, மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிப்பின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பன அவை. ஊடுகதிர்ப் படமோ இரத்தப் பரிசோதனையோ இந்த முதற்கட்டத்துக்குத் தேவையில்லை. உடல் நிறை குறியீட்டெண் மிகக் குறைவாக இருந்தாலோ மூச்சுத் திணறல் இருந்தாலோ நிற்க முடியாவிட்டாலோ நோயாளி உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டு உணவும் மருத்துவமும் பெறுகிறார். காசநோய் இறப்புகளுள் பெரும்பகுதி நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்வதால் இந்த முதல் நாள் சோதனை உயிர் காக்கிறது.

உணவின் பங்கும் இதே காலத்தில் மீண்டும் ஆராயப்பட்டது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 2018-இல் நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 இறுதியில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நிலைத்தவையும் நிலைக்காதவையும்

இவ்வரலாற்றில் நிலைத்து நின்றவற்றைப் பார்த்தால் அவற்றுக்குச் சில பொதுத் தன்மைகள் உண்டு. சளிப் பரிசோதனை நிலைத்தது. அதைச் செய்ய ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். காலாண்டுப் பதிவேடு நிலைத்தது. அதை மேலதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டுக்கு அருகில் மருந்து என்பது நிலைத்தது. அது நோயாளியின் பிழைப்பைக் கெடுக்கவில்லை.

நிலைக்காதவை, ஆய்வின்போது இருந்து திட்டத்தில் யார் பொறுப்பிலும் ஒப்படைக்கப்படாதவை. 1959-இன் வாரச் சந்திப்பு யாருடைய வேலையாகவும் எழுதப்படவில்லை, ஆகவே மறைந்தது. 2002-இன் எடைக் கணக்கு ஆய்விதழில் இருந்தது. செவிலியரின் கையிலிருந்த படிவத்துக்கு அது வந்தபின்பே பயன்பட்டது.

நிலைத்தவையும் மாறாமல் இருப்பதில்லை. வாரம் மூன்று நாள் மருந்து என்ற முறை 2017 முதல் நாள்தோறும் மருந்து என மாற்றப்பட்டது. கண் முன்னே மருந்து விழுங்கச் செய்வது நோயாளியை நம்பாத முறை என்ற விமரிசனமும் உண்டு. கைப்பேசி வழி நினைவூட்டல் போன்ற வேறு வழிகளும் முயன்று பார்க்கப்படுகின்றன. எந்த வழியானாலும் சென்னை ஆய்வு காட்டிய தேவை மாறவில்லை. மருந்தை நிறுத்திவிட்ட நோயாளியின் பெயரை அறிந்து அவரைத் தேடிச் செல்லும் ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளமும் நேரமும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 1930களில் பூந்தமல்லியில் ஒரு நிலப்பரப்புக்கு ஒரு சுகாதாரக் குழு என்று தொடங்கிய முயற்சியின் அடிப்படையும் இதுவே.